வெஸ்நாத்தில் யாரை வளர்ப்பது: சில வருட அனுபவம்

கொரோனா ஊரடங்கில் தொற்றிக்கொண்ட பழக்கம், இன்னும் விடவில்லை. பேட்டில் ஃபார் வெஸ்நாத் முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2003-லிருந்து வந்துகொண்டிருக்கிற கேம். பெரிய கிராபிக்ஸ் கார்டெல்லாம் கேட்காது, பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பிலேயே ஓடுகிறது. நீடாமங்கலம் பக்கம் ஐப்பசி மழையில் நெட்டும் போய் கரண்டும் போய் உட்கார்ந்திருக்கும்போது பேட்டரி தாங்குகிறவரை விளையாடலாம், எனக்கு அதுவே பாதிக் காரணம்.

ஆட்டம் அறுகோணக் கட்டங்களில் நடக்கும். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரிதான்: நம் முறையில் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும், அடுத்தவன் முறை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். அதனால் எதிரி முறையில் என் ஆட்கள் எங்கே நிற்பார்கள் என்பதுதான் என் முதல் கணக்கு, யாரை அடிப்பது என்பது அப்புறம்.

சரி, கிளாஸ் விஷயத்துக்கு, அதாவது எந்த ஆளை எந்த வகை வீரனாக வளர்ப்பது என்பதற்கு வருகிறேன். லெவல் ஏறும்போது பல ஆட்களுக்கு இரண்டு மூன்று வழி காட்டி எது வேண்டும் என்று கேட்கும். மேஜ் (மந்திரவாதி) என்றால் ஒயிட் மேஜ் அல்லது ரெட் மேஜ். நெருப்பு பலமாக அடிக்கும் என்று புதிதாக வருகிறவர்கள் ரெட் மேஜைத்தான் அமுக்குவார்கள். என் சித்தப்பா பையனும் அந்தக் கட்சி, நான் ஒயிட் மேஜ் எடுப்பதைப் பார்த்து "அண்ணே, அடி கம்மியா இருக்கே, இதை எதுக்கு எடுக்குறீங்க?" என்பான். ஒயிட் மேஜ் பக்கத்துக் கட்டங்களில் நிற்கிற நம் ஆட்கள் எல்லாருக்கும் டர்னுக்கு (ஒரு முறைக்கு) 8 புள்ளி உயிர் ஏற்றும், விஷத்தையும் இறக்கும். கிராமக் கட்டத்தில் போய் நின்றாலும் அதே 8 கிடைக்கும்தான், ஆனால் கிராமம் நம்மோடு நடந்து வராதே! முன்வரிசையில் அடிபட்டவனைப் பின்னால் இழுத்து, தேறியவனை முன்னால் தள்ளி, இப்படியே மாற்றி மாற்றி நிறுத்தினால் ஈட்டிக்காரர்களை வைத்தே ஆர்க் என்கிற முரட்டு இனத்தின் ஒரு பெரிய கூட்டத்தைத் தாங்கிவிடலாம். இதே கணக்கில்தான் எல்விஷ் ஃபைட்டரை (எல்ஃப் என்கிற வன இனத்து வாள்வீரன்) ஹீரோவாக்காமல் கேப்டனாக்குகிறேன்: அவன் பக்கத்தில் நிற்கிற முதல் லெவல் ஆட்களின் அடி 25 சதவீதம் கூடும்.

ஆனால் ஒரு மேஜ் ஆளை ஒயிட் மேஜ் லெவலுக்குக் கொண்டு போவதற்குள் உயிர் போய்விடும், நம் உயிர். தட்டினால் விழுகிற உடம்பு. ஒரு எதிரியைக் கொன்றால் அவன் லெவலைப் போல 8 மடங்கு அனுபவப் புள்ளி, சும்மா மோதினால் அவன் லெவல் அளவுக்கு மட்டும். அதனால் மற்றவர்கள் அடித்துக் குற்றுயிராக்கியதை மேஜ் கையால் முடிக்க விடுங்கள். எதிரி எந்த நிலத்தில் நின்றாலும் மேஜின் மந்திர அடி விழ 70 சதவீத வாய்ப்பு உண்டு என்பதால் இது பெரும்பாலும் நடக்கும்.

இந்தக் கேமின் உயிரே பகல் இரவுதான் என்பேன். மனிதப் படை பகலில் 25 சதவீதம் கூடுதலாக அடிக்கும், இரவில் அதே அளவு குறையும். ஆர்க்குகளுக்கும் பிணப்படைக்கும் அப்படியே தலைகீழ். எல்ஃபுகளுக்கு எந்த நேரமும் ஒன்றுதான். ஆகவே பொழுது சாயும்போதே காட்டையோ மலையையோ பிடித்துக்கொண்டு வரிசை கட்டி நின்று, விடிந்ததும் இறங்கி அடிக்க வேண்டும். வரிசை என்றால் இடைவெளி இல்லாமல் நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரைச் சுற்றியும் எதிரியைத் தடுத்து நிறுத்துகிற வளையம் இருப்பதால், நடுவில் இரண்டு கட்டம் காலியாக இருந்தாலும் சாதாரண எதிரி ஒரே டர்னில் ஊடுருவ முடியாது. ஆள் பற்றாக்குறை நேரத்தில் இது பெரிய உபகாரம்.

எலும்புக்கூடுகளிடம் மட்டும் ஈட்டியையும் அம்பையும் நம்பாதீர்கள், கதாயுதம் வைத்திருக்கிற ஹெவி இன்ஃபன்ட்ரியும் மேஜும்தான் வேலைக்கு ஆவார்கள். குதிரைப்படையில் ஹார்ஸ்மேன் பாய்ந்து அடித்தால் இரட்டிப்பு அடி, வாங்குவதும் இரட்டிப்பு. மேஜ், வில்லாளி மேல் விடலாம். ஈட்டிக்காரன் முந்திக் குத்துவான், அவன் மேல் விடவே கூடாது.

குறை என்றால் அதிர்ஷ்டக் கணக்குதான். 60 சதவீதம் தற்காப்பு உள்ள, அதாவது எதிரி அடி தவற அவ்வளவு வாய்ப்புள்ள இடத்தில் நிற்கிறவன் நாலு அடியும் வாங்கிச் சாவான், எரிச்சலாக இருக்கும். சேவ் செய்த பழைய கட்டத்தை லோடு பண்ணித் திரும்ப ஆடுவது ருசியைக் கெடுத்துவிடும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேமிலேயே இருக்கிற கதைகளில் 'தி சவுத் கார்ட்' கதையில் ஆரம்பியுங்கள், 'ஹெய்ர் டு தி த்ரோன்' நீளம், அது அப்புறம்.