நெல்லு மில்லுக்கு எடுத்த சிஸ்டம்: சில போகங்கள் பாவித்த பிறகு

நெல்லு மில் கணக்குப் பார்க்கிற இந்த மென்பொருளின் விலையைக் குறைத்துவிட்டார்களாம், எடுக்கலாமா என்று அக்கரைப்பற்றில் இருந்து கூட்டாளி கேட்டிருந்தான். சம்மாந்துறைப் பக்கம் ஒரு மில்லில் கணக்குப் பார்க்கிறவன் நான். இந்த மென்பொருளோடு சில போகங்களாக மாரடிக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரண்ட் போய் வந்தாலும் ஒரு பதிவும் அழிந்ததில்லை. எந்தப் போடியாருக்கு, அதாவது வயற்காரருக்கு, உரத்துக்கு எவ்வளவு முற்பணம் கொடுத்தோம், நெல்லில் எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் பெயரைத் தட்டினால் வந்துவிடும்.

ஆனால் நெல்லு வரவைப் பதியும்போது வருகிற அந்த விலைக் கட்டம் இருக்கிறதே! பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, விலை போடாமல் சேமிக்கவே விடாது. வெட்டு மெசினில் இருந்து நேராக ஈர நெல்லோடு லொறி தராசில் ஏறி நிற்கும், பின்னால் டிரக்டர்காரர் ஹோர்ன் அடிப்பார்கள், அந்த நேரம் விலை யாருக்குத் தெரியும்? 2025இல் அரசாங்கம் கிலோவுக்கு நாடு நெல்லு 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபாய் என்று அறிவித்ததே பெப்ரவரியில், இங்கே வெட்டுத் தொடங்கிய பிறகு. அதுவும் 14 வீத ஈரப்பதனுக்கு உட்பட்ட நெல்லுக்கு. எங்களுக்கு வருவதைக் காயப்போட்டுப் பார்த்துத்தான் விலை பேசி முடிப்போம். அதனால் தராசுப் பொடியன்கள் ஒரு ரூபாய் என்று போட்டுச் சேமித்துவிடுகிறார்கள். மாதக் கடைசியில் றிப்போட்டைப் பார்த்தால் களஞ்சியம் நிறைய நெல்லு, பெறுமதியோ லொறிக்கு டயர் மாற்றவும் காணாது.

போன் எடுத்தால் மென்பொருள் கொம்பனியில், கொழும்பில் இருக்கிற தம்பி மரியாதையாகத்தான் பேசுவார்: "சிஸ்டம் சரியா வேலை செய்யுது அண்ணன், உங்கட ஆக்கள்தான் பிழையான டேட்டா போடுறாங்க." அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. விலை இல்லாமல் இலாபக் கணக்கு ஓடாது, வெறுமையாக விட்டால் பிறகு நிரப்ப ஒருத்தனும் வரமாட்டான். சரி, நெல்லு வந்ததற்கு ஒரு துண்டு, விலை தீர்ந்ததற்கு ஒரு பில் என்று பிரித்துத் தாருங்கள் என்றால், ஒப்பந்தத்தில் இல்லையாம். ஒப்பந்தம் பேச வந்தவர்கள் முதலாளியோடு ஏசி அறையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்கள், தராசடிக்கு ஒருத்தரும் வரவில்லை.

ஒலுவில் கெம்பஸில் ஐடி படிக்கிற மருமகளிடம் புலம்பினேன். 1994இல் மென்பொருள் திட்டங்களை ஆராய்கிற ஸ்டாண்டிஷ் குழுமம் என்ற அமெரிக்க நிறுவனம் ஓர் அறிக்கை விட்டதாம். சொன்ன காலத்தில், சொன்ன செலவில், கேட்டதெல்லாம் செய்து முடித்த திட்டங்கள் 16.2 வீதம்தானாம், அவற்றின் வெற்றிக்கு முதல் காரணம் பாவிக்கிறவனையும் சேர்த்துக்கொண்டதாம். முப்பது வருசத்துக்கு முந்திய சங்கதி! அந்தத் தம்பியும் இதைப் படித்துத்தானே பாஸ் பண்ணியிருப்பார்?

பத்துக்கு நாலுதான் கொடுப்பேன். ஆனாலும் எடு மச்சான், முற்பணக் கணக்குக்காகவே எடு, பழையபடி கொப்பி புரட்ட என்னால் ஏலாது. காசை மட்டும் முழுதாகக் கட்டிவிடாதே. பாதியைப் பிடித்து வை, அடுத்த வெட்டுக்கு அவர்களில் ஒருத்தர் வந்து உன் தராசடியில் ஒரு பகல் நின்ற பிறகு மிச்சத்தைக் கொடு.