துருப்பிடித்த டேங்க்: அமிலமா, பூச்சா, கரண்டா?

பல வருடம் ஓரமாக நின்ற பைக்கை எழுப்பும்போது எல்லாரும் முதலில் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். அப்புறம் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். கெட்டுப்போன வார்னிஷ் வாடை, அடியில் செங்கல் தூள் மாதிரி துரு. டயர், பிரேக் ஹோஸ் விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. பார்க்க நன்றாக இருந்தாலும் பழைய ரப்பரை மாற்றிவிட வேண்டியதுதான். டேங்க் அப்படியில்லை. அதில் மிஞ்சும் துரு கார்புரேட்டர் ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் நுண்துளையை, அடைத்தால் நடுரோட்டில் வண்டி நின்றுவிடும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமானது. ஆனால் துருவோடு நல்ல தகட்டையும் தின்னும், ஒரு சொட்டு சிந்தினால் பெயின்ட் காலி. பாஸ்பாரிக் அமிலம் சாது. இரும்பின் மேல் மெல்லிய பாஸ்பேட் படலத்தையும் விட்டுவைக்கும். லேசான துரு என்றால் அதுவே போதும்.

டேங்குக்குள் ஊற்றி இறுகவிடும் எபாக்ஸி பிசின் பூச்சு ஊசித்துளைகளை அடைக்கும். அமிலத்தாலும் கரண்டாலும் அது முடியாது. அப்படியிருந்தும் எனக்குப் பயம், அது உரியும் நாளை நினைத்துத்தான். அடியில் கொஞ்சம் துருவோ எண்ணெயோ தங்கியிருந்தால் பூச்சு அங்கிருந்துதான் கிளம்பும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகைப் பூச்சுகளை இளக்கவும் செய்யும். நண்பனின் டேங்கைக் கவிழ்த்தபோது பால் ஏடு மாதிரி துண்டுதுண்டாக விழுந்தது. மீதியைக் கரைத்தெடுக்க நாள்கணக்கில் ஆனது. இப்போது வரும் பூச்சுகள் இதைவிட நன்றாகத் தாங்கலாம். நான் பார்த்தது அந்த ஒன்றைத்தான். ஆனால் அடியில் துரு வளர்கிறதா என்று பூச்சுக்கு மேலிருந்து பார்க்க வழியில்லை. வெறும் தகடு என்றால் டார்ச் அடித்தாலே தெரிந்துவிடும்.

அதனால் நான் போனது கரண்ட் வழிக்கு, அதாவது சோடாக் கரைசலில் மின்சாரம் விட்டுத் துருவைக் கழற்றும் எலக்ட்ரோலிசிஸுக்கு. பெட்ரோல் வாடை போகும்வரை டேங்கைச் சோப்புநீரில் கழுவி, அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக் குழாயைக் கழற்றி ஓட்டையை ரப்பர் கார்க்கால் அடைத்தேன். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா என்ற கணக்கில் கலந்து நிரப்பினேன். சாதாரண இரும்புக் கம்பியைத் துளையிட்ட ரப்பர் குழாய்க்குள் செருகி, டேங்கில் படாமல் உள்ளே இறக்கினேன். பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் கம்பிக்கு, நெகட்டிவ் டேங்குக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்கே கரையும். ஸ்டெயின்லெஸ் கம்பி வேண்டவே வேண்டாம், விஷமான குரோமியம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் மூடியைத் திறந்து, திறந்தவெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். சார்ஜரை அணைக்காமல் கிளிப்பைத் தொடக் கூடாது. தானியங்கி சார்ஜர்கள் பல, எதிரே பேட்டரி இல்லையென்றால் கரண்டே விடாது. அரை நாள் எனக்கு அதில்தான் போனது.

குறையும் உண்டு. கம்பிக்கு நேரெதிரே இருக்கும் துருதான் நன்றாகப் போகும். டேங்கின் இரண்டு பக்கத் தொங்கலுக்கும் கம்பியை வளைத்து வளைத்து வைத்தும் ஒரு மூலை அடம்பிடித்தது. கடைசியில் ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கித்தான் எடுத்தேன். கழுவியதும் உடனே காய வைத்து, டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி உள்ளே முழுக்கப் புரட்ட வேண்டும். தாமதித்தால் கண்ணெதிரிலேயே மறுபடி செம்மை படியும்.

காக்குக்குக் கீழே கண்ணாடி ஃபில்டர் ஒன்று போட்டேன். முதல் இரண்டு டேங்க் பெட்ரோலுக்குக் கொஞ்சம் பழுப்புத் தூள் வந்தது, மூன்றாவதில் இல்லை. இப்போதும் ஓட்டாத நாட்களில் டேங்கை நிரப்பியே வைக்கிறேன்.