மார்க்கா, ஆராவா? எங்க டேபிள்ல ஆராவுக்கு மாறிட்டோம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற டேபிள்டாப் ரோல்-பிளேயிங் கேமோட 4வது எடிஷன்ல டிஃபெண்டரா, அதாவது எதிரியைத் தன்மேல இழுத்து கூட்டாளிங்களைக் காப்பாத்தற ஆளா, நிக்க ரெண்டு வழி இருக்கு. 2008ல வந்த ஃபைட்டரோட மார்க் (எதிரி மேல போடற குறி) ஒண்ணு, 2010ல எசென்ஷியல்ஸ்ங்கற புத்தக வரிசைல வந்த நைட்டோட (ஃபைட்டர்லயே ஒரு வகை) டிஃபெண்டர் ஆரா (அவரைச் சுத்தி இருக்கற வளையம்) இன்னொண்ணு. நாங்க மார்க் வச்சே ரொம்ப நாள் ஆடிட்டு, போன கேம்பெயின்ல (பல நாள் தொடர்ந்து ஆடற கதைல) ஆராவுக்கு மாறினோம், திரும்பப் போற எண்ணம் எனக்கு சுத்தமா இல்ல.

அடிப்படை ரெண்டுலயும் ஒண்ணுதான். டிஃபெண்டரை விட்டுட்டு வேற ஆளை அடிச்சா எதிரிக்கு அட்டாக் ரோல்ல (அடி படுதான்னு பார்க்க உருட்டற டைஸ்ல) -2, பக்கத்துல இருந்தா டிஃபெண்டர்கிட்ட ஒரு அடியும் வாங்குவான்.

பிரச்சனையே ஞாபகம் வச்சுக்கறதுலதான். ஃபைட்டர் யாரை அடிச்சாலும், பட்டாலும் படாட்டியும், மார்க் போடலாம், அது அவரோட அடுத்த டர்ன் முடியற வரைக்கும் இருக்கும், நடுவுல பாலடின் (இன்னொரு டிஃபெண்டர்) அதே எதிரிக்கு சேலஞ்ச் விட்டா, அதுவும் ஒரு மார்க்தான், ஃபைட்டர் மார்க் போயிடும். சோடா பாட்டில் மூடிக்குக் கீழ இருக்குமே பிளாஸ்டிக் வளையம், அதைத்தான் மினியேச்சர் பொம்மை தலைல மாட்டி வைப்போம், ஃபைட்டருக்கு சிவப்பு, பாலடினுக்கு வெள்ளை. ஒரு சண்டைல ஃபைட்டர் சுத்தி நின்ன 4 கோப்ளினையும் ஒரே வீச்சுல அடிச்சார், 4 வளையம் போட்டோம், அடுத்த டர்ன்ல ஒண்ணை மட்டும் அடிச்சார், மத்த 3 வளையத்தைக் கழட்ட யாருக்கும் தோணல. அந்த மூணுல ஒண்ணு எங்க மந்திரவாதி விஸார்டை அடிக்குது, ரோல் மொத்தம் 17, விஸார்ட் ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 16. வளையம் இருக்கு, அப்போ 15, தப்பிச்சார்னு ஒருத்தர் சொல்ல, மார்க் முடிஞ்சுபோச்சே, அடி பட்டதுதான்னு இன்னொருத்தர் சொல்ல, ரெண்டு ரவுண்டைப் பின்னாடி போய் எண்ணி முடிக்கறதுக்குள்ள சண்டையோட சூடே ஆறிப்போச்சு.

ஆராவுல இந்தக் கணக்கே கிடையாது. நைட் ஒரு மைனர் ஆக்ஷன்ல (டர்ன்ல பண்ற சின்ன வேலை) போட்டுவிட்டா போதும், அவரைச் சுத்தி இருக்கற கட்டத்துல எவன் நிக்கறானோ அவனுக்கு -2, போர்டைப் பார்த்தாலே தெரியும். அதோட ஃபைட்டரோட பதிலடி இம்மீடியட் ஆக்ஷன், ரவுண்டுக்கு ஒண்ணுதான், ஒரு கோப்ளின் ஷிஃப்ட் பண்ணி (ஜாக்கிரதையா ஒரு கட்டம் நகர்ந்து) அதை வாங்கிட்டா மத்ததுங்க -2 மட்டும் பார்த்துட்டு விஸார்ட் மேல பாயும். நைட்டுக்கு அது ஆப்பர்ச்சூனிட்டி ஆக்ஷன், ஒவ்வொரு எதிரியோட டர்ன்லயும் ஒரு தடவை அடிக்கலாம்.

மார்க்குக்குன்னு பலம் இல்லாம இல்ல. தூரத்துல அம்பு விட்டும் மார்க் பண்ணலாம், தாண்டி ஓடறவனை ஃபைட்டர் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்ல அடிச்சா அங்கயே நின்னுடுவான், நைட்கிட்ட அது இல்ல. நாங்க ஆரா வச்சு ஆடினது 8வது லெவல் வரைக்கும்தான், அதுக்கு மேல வர்ற பாரகான் லெவல்கள்ல பறக்கற, டெலிபோர்ட் ஆகற எதிரிங்க வந்தா ஒரு கட்ட ஆரா பத்துமாங்கறதை ஆடிப் பார்த்துட்டுதான் சொல்லணும்.

மாறினா மொத்தமா மாறிடுங்க. மார்க் ஆன எதிரிக்கு ஆராவோட -2 வராது, அதனால பழைய பாலடினும் நைட்டும் ஒரே பார்ட்டில இருந்தா பழைய குழப்பம் திரும்ப வரும். எங்க பாலடின் கவலியரா (எசென்ஷியல்ஸ்ல வந்த பாலடின் வகை) மாறிட்டார், அவருக்கும் அதே ஆராதான். வளையங்களை இப்போ பிளடீட் ஆன (பாதி உயிர் போன) எதிரிக்கு மட்டும் மாட்டறோம்.