பச்சைப் பெயின்ட் அடித்த லேத்: காசு கொடுக்கும் முன் பாருங்கள்

இறைப்பு மெஷின்களுக்கு புஷ், ஷாஃப்ட் கடைந்து கொடுக்க வீட்டுக் கொட்டிலில் ஒரு சின்ன லேத் வேண்டுமென்று இரண்டு வருடம் காசு சேர்த்தேன். சுன்னாகத்துக்கு அருகே பழைய மெஷின் விற்கும் ஒருவரிடம் மைஃபோர்ட் என்ற இங்கிலாந்துக் கம்பனியின் லேத் நிற்பதாக அறிந்து போனேன். புதுப் பச்சைப் பெயின்ட், முன்னால் பெயர்த் தகடு. “தம்பி, இது சூப்பர் செவன். லண்டன் சாமான், இனி எங்க தேடினாலும் எடுக்கேலாது” என்றார். 340,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன்.

வந்திருப்பது சூப்பர் செவன் இல்லை, அதே கம்பனியின் அதைவிடச் சாதாரண மொடல், 1946இல் வெளிவரத் தொடங்கிய எம்.எல்.7. தகட்டை யாரும் கழற்றி மாட்டலாம். பார்க்க வேண்டியது லேத்தின் நீண்ட அடித்தளமான பெட்டில் குத்தியிருக்கும் இலக்கத்தை. சூப்பர் 7 என்றால் அது எஸ்.கே. என்று தொடங்கும், எம்.எல்.7க்கு வெறும் கே. என் மெஷினில் அந்த இடத்தில் பெயின்ட் கட்டியாக அப்பியிருந்தது. சுரண்டிய பிறகுதான் கே. தெரிந்தது. இலக்கம் வாசிக்க முடியாவிட்டால் கடையும் பொருளைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைப் பாருங்கள். எம்.எல்.7இல் இரண்டு பேரிங்குக்கும் மேலே போல்ட் போட்ட மூடிகள் இருக்கும். சூப்பர் 7இன் முன் பேரிங் கூம்பு வடிவ வெண்கலம், அதற்கு அப்படி மூடி கிடையாது.

எம்.எல்.7 மோசமான மெஷின் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அதற்கான விலைக்கே வாங்கியிருப்பேன். என் வயிறு எரிவது பெட்டை நினைத்துத்தான். வெட்டும் டூலைத் தாங்கிப் பெட்டில் ஓடும் கேரியேஜை, பொருளைக் கவ்வும் சக்குக்குப் பக்கத்தில் வைத்து, அதன் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டையான ஜிப்பைச் சரியாக இறுக்கி, மறுமுனையில் இருக்கும் டெயில்ஸ்டொக் பக்கம் தள்ளினேன். பாதி வழியில் இறுகி நின்றுவிட்டது. சக்குப் பக்கம் அவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு சாண் நீள ஷாஃப்டைக்கூட ஒரே விட்டத்தில் கடைய முடியவில்லை. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், அங்கேயே செய்திருக்கலாம். அவர் அவசரப்படுத்தினார், நான் விட்டுவிட்டேன்.

அப்புறம் மோட்டர். மூன்று பேஸ் மோட்டரைப் பூட்டி அனுப்பியிருக்கிறார். வீட்டில் இருப்பதோ ஒற்றைப் பேஸ், 230 வோல்ட். மரையிடத் தேவையான மாற்றுக் கியர்களில் மூன்றுதான் வந்தன. மிச்சம் “பிறகு தாறன்” என்றார், தரவில்லை. காசைத் திருப்பிக் கேட்டபோது, பார்த்துத்தானே எடுத்தனீர் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். துண்டுச் சீட்டுக்கூட வாங்காமல் வந்ததால் என்னிடம் காட்ட எதுவுமில்லை.

போன கிழமை அந்தப் பக்கம் போனேன். அதே பச்சையில் இன்னொரு லேத் வாசலில் நிற்கிறது.