என் ரத்தத்தைச் சோதித்தார்கள், குழந்தையைப் பார்க்கவே இல்லை

எனக்கு ஒவ்வாமைச் சோதனையும் ஆலோசனையும் விற்ற நிறுவனத்தார் இன்று காலை என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். கடைசியாக அனுப்பிய மூன்று செய்திகளும் ஒற்றை டிக்கோடு அப்படியே நிற்கின்றன. அரை மாதச் சம்பளம் போய்விட்டது. அதைவிட, ஐந்து வாரம் போய்விட்டது. அந்த ஐந்து வாரமும் என் மகன் தூங்காமல் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே கிடந்தான் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குத் தோலில் தடிப்பு வந்து, காரணம் தெரியாமல் நள்ளிரவில் கைபேசியில் தேடிக்கொண்டிருக்கும் ஒருவராவது பணம் கட்டுவதற்கு முன் இதைப் படிக்கட்டும் என்றுதான் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இப்படிப் பல இருக்கின்றன, எல்லாம் ஒரே மாதிரிதான். “தாய்ப்பால் ஒவ்வாமை ஆலோசனை” என்று இணையத்தில் ஒரு தொகுப்பு விற்பார்கள். நிபுணர் ஒருவர் காணொளி அழைப்பில் பேசுவார். விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்து அனுப்ப வீட்டுக்கே ஒரு பெட்டி வரும்.

மகனுக்கு இரண்டரை மாதம் ஆனபோது இரண்டு கன்னங்களும் சிவந்தன. வியர்க்குரு என்று நினைத்தோம். ஒரு வாரத்தில் அது சொரசொரப்பாகி, அங்கங்கே நீர் கசிந்து, காய்ந்து பொருக்குத் தட்டியது. கை கால்களின் வெளிப்புறத்திலும் பரவியது. தோளில் போட்டால் கன்னத்தை என் சட்டையில் அழுத்தி அழுத்தித் தேய்ப்பான். எடுத்துப் பார்த்தால் துணியில் மஞ்சளாக ஒரு கறை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: “நீ என்ன சாப்பிட்டாய்?” பத்துப் பேர் கேட்ட பிறகு நானும் அதையே கேட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன். அந்த நிலையில்தான் அவர்கள் விளம்பரம் கண்ணில் பட்டது.

முதல் அழைப்பில் அந்தப் பெண்மணி கேட்ட முதல் வார்த்தை, “நீங்கள் சாப்பிட்டீர்களா, தங்கை?” குழந்தை பிறந்ததிலிருந்து என்னிடம் அதை யாரும் அந்தக் குரலில் கேட்டதில்லை. நான் அழுதுவிட்டேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, “விடை உங்கள் பாலில்தான் இருக்கிறது. சேர்ந்து கண்டுபிடிப்போம்” என்றார். அழைப்பைத் துண்டிக்கும் முன்பே பணம் அனுப்பிவிட்டேன். அரை மாதச் சம்பளம், ஒரே விரல் தட்டலில்.

ஒன்றை மட்டும் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். குழந்தையைக் கேமரா முன் தூக்கிக் காட்டினேன். “வேண்டாம், ரத்தமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்” என்றார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். தடிப்பு அவன் உடம்பில். சோதனை என் விரலில்.

ஒன்பது நாள் கழித்து அறிக்கை வந்தது. 14 பக்கம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணக் கட்டங்கள். சிவப்பில் மட்டும் 31 உணவுகள்: பால், முட்டை, கோதுமை, சோயா, கொட்டைகள் என்று நீண்டுகொண்டே போனது. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். அந்தச் சிவப்புப் பட்டியல் கிட்டத்தட்ட நான் தினமும் சாப்பிடும் பொருள்களின் பட்டியல் என்பதைக் கவனித்தேன். “பார்த்தீர்களா, அதனால்தான் குழந்தைக்கு இவ்வளவு பாதிப்பு” என்றார்கள். நம்பினேன்.

இப்போது காரணம் தெரியும். அது ஐஜிஜி எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் சோதனை. நாம் அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு எதிராக அது உடலில் உண்டாவது இயல்பு. ‘இந்த உணவு உனக்குப் பழக்கம்’ என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் கழகம் 2008லேயே இதை வைத்து உணவு ஒவ்வாமையைக் கண்டறியக் கூடாது என்று சொல்லிவிட்டது; அமெரிக்க, கனடியக் கழகங்களும் அதையே சொல்லியிருக்கின்றன. உண்மையான உடனடி ஒவ்வாமையோடு தொடர்புள்ளது ஐஜிஇ என்ற வேறொரு எதிர்ப்புப் புரதம். அதிலும் சோதிக்க வேண்டியது அறிகுறி உள்ள குழந்தையை, தாயை அல்ல. அறிக்கையின் கடைசிப் பக்கத்தின் அடியில், கைபேசியில் பெரிதாக்கினால் மட்டுமே தெரியும் எழுத்தில், “இது நோயறிதலுக்கானது அல்ல” என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். முதல் அழைப்பில் அதை ஏன் வாயால் சொல்லவில்லை?

ஐந்து வாரத்தில் நான்கு கிலோ இளைத்தேன். மார்பு நிறையாததுபோல் இருந்தது. அவன் இழுத்து இழுத்துப் பார்த்து அழுதான். பால் பொருள்களை விடும் தாய்க்குக் கால்சியம் தனியாகத் தேவைப்படலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தடிப்போ கழுத்துக்கும் இறங்கியது.

அதன் பிறகு தொடங்கியது தட்டிக்கழிப்பு. தடிப்பு கூடியிருக்கிறது என்று எழுதினேன். “நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி” என்று பதில். இரண்டு நாள் கொஞ்சம் தணிந்தபோது, “பார்த்தீர்களா, உணவுதான்” என்றார்கள். மறுபடி சிவந்தபோது, “பட்டியலை எங்கோ மீறியிருக்கிறீர்கள்” என்று என் மேலேயே திருப்பினார்கள். ஐந்து வாரம் வெறும் நான்கைந்து பொருள்களை மட்டும் தின்று கிடந்த என்னைப் பார்த்து! பிறகு மறுசோதனைக்குப் பாதிக் கட்டணம் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், “மாதிரி ஆய்வகத்துக்குப் போய்விட்டால் பணம் திரும்பாது” என்றார்கள். அந்தப் பெண்மணியோடு பேச வேண்டும் என்றேன். அவர் விடுப்பில் இருக்கிறாராம். பணம் கட்டும்வரை ‘தங்கை’, கட்டிய பிறகு ‘மேடம்’, திருப்பிக் கேட்ட பிறகு ‘வாடிக்கையாளர் அவர்களே’. அரை மாதச் சம்பளம் வாங்கியவர்கள் ஐந்து நிமிடம் பேச ஆளில்லை என்கிறார்கள்.

போன வாரம் குழந்தை மருத்துவரிடம் போனோம். முதல் நாளே போயிருக்க வேண்டிய இடம். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. “முதலில் சட்டையைக் கழற்றுங்கள், டயப்பரையும்” என்றார். ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில் அவனைப் படுக்கவைத்து, காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு, அக்குள், முழங்கால் என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். டயப்பர் போடும் இடம் மட்டும் பளிச்சென்று இருந்ததைக் காட்டினார். அட்டோப்பிக் எக்சிமா என்னும் தோல் அழற்சியில், இந்த வயதில், அப்படித்தான் இருக்குமாம்: கன்னமும் கை கால்களின் வெளிப்புறமும் பாதிக்கப்படும், ஈரம் தங்கும் டயப்பர் பகுதி தப்பிவிடும். அதுவே தொடை மடிப்பில் சிவந்து, சுற்றிலும் தனித்தனிப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சையை யோசிப்பார்களாம். பரிசோதனைக்கூடமே இல்லாமல், கண்ணாலும் விரலாலும் பத்து நிமிடத்தில்!

பிறகு கேட்டார்: “பால் குடித்ததும் வாயை எதால் துடைக்கிறீர்கள்?” பையிலிருந்து வெட் வைப்ஸ் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். நல்ல வாசனை. ஒவ்வொரு முறை குடித்த பிறகும், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, ஏற்கெனவே வெடித்திருந்த கன்னத்தை நான் அதால்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட தோலின் தடுப்புச் சுவர் பிறவியிலேயே பலவீனமானது என்றும், எச்சில், வாசனைப் பொருள், உரசல் எல்லாமே அதைக் கிளறும் என்றும் விளக்கினார். துணி துவைக்கும்போது சேர்க்கும் வாசனைத் திரவத்தையும் நிறுத்தச் சொன்னார்.

“அப்படியானால் என் பால்?” என்று கேட்டேன். குரல் எழும்பவில்லை.

“உங்கள் பாலைக் குற்றம் சொல்ல இங்கே ஒரு அறிகுறியும் இல்லை அம்மா. இன்றே நன்றாகச் சாப்பிடுங்கள்” என்றார்.

வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும், குளித்த ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத கெட்டியான களிம்பு, பால் குடிப்பதற்கு முன் வாயைச் சுற்றிக் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி, சில நாளைக்கு மட்டும் அவர் எழுதிக் கொடுத்த மிதமான மருந்து. ஆறாவது நாள் பொருக்கு உதிர்ந்து கீழே மெல்லிய இளம் தோல் தெரிந்தது. முந்தாநாள் இரவு நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினான்.

சிலருக்கு உணவு உண்மையிலேயே காரணமாக இருக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. தாய் குடிக்கும் பசும்பாலின் புரதம் சிறிதளவு தாய்ப்பாலில் வரக்கூடும். தடிப்போடு மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி, எடை ஏறாமை போன்றவை சேர்ந்திருந்தால் அதைச் சந்தேகிப்பார்கள். அப்போதும் வழி எளிமையானது: மருத்துவர் மேற்பார்வையில் அந்த ஒரே பொருளை இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்துவது, பிறகு மறுபடி சாப்பிட்டுப் பார்ப்பது. திரும்பச் சாப்பிட்டதும் அறிகுறியும் திரும்பினால்தான் சந்தேகம் உறுதியாகும். 31 பொருளை ஒரே நாளில் நிறுத்தினால் எது காரணம் என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது.

எச்சரிக்கைகளை விரிவாக எழுதத்தான் நினைத்தேன். அவன் அசைய ஆரம்பித்துவிட்டான், அதனால் வேகமாக:

குழந்தையின் முழு உடம்பையும் பார்க்காமல் காரணம் சொல்பவருக்குப் பணம் கட்டாதீர்கள். ஐஜிஜி சோதனை, தலைமுடிச் சோதனை என்று யார் சொன்னாலும் விலகிவிடுங்கள். “கூடினால் நல்லது” என்று சொன்னால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். இரவில், அழுதுகொண்டிருக்கும்போது, பணம் அனுப்பாதீர்கள். செய்திகள், ரசீது எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். அவர்கள் தடுப்பதற்கு முன் நான் எடுத்துவைத்தேன், புகாருக்கு அதுதான் கையில் இருக்கிறது.

மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், கொப்புளம், கண்ணாடித் தம்ளரை அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், உதடு வீக்கம், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எதையும் தேடிப் படிக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அரை மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டு இன்று மதியம் புகார் கொடுக்கிறேன். பதில் வந்தால் இதே பதிவின் கீழே எழுதுகிறேன். எழுந்துவிட்டான், பால் கொடுக்கப் போகிறேன்.