எஸ்எஸ்டி மாற்றம்: மட்டக்களப்புக் கடை வேலை எப்படி?

திருமலை வீதியிலுள்ள இந்தச் சிறிய கணினிக் கடையில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பகத்தைப் பூட்டும் வேலை சுத்தம். திருகாணி குறையாது, கேபிள் நசியாது. விண்டோஸைப் புதிதாகப் போடச் சொன்னாலும் குறையில்லை: டிஸ்க்கைப் பிரித்த பழைய பார்ட்டிஷன்களை அழித்து வெற்றிடத்தைத் தெரிவுசெய்கிறார்கள். விஸ்டா முதல் வந்த விண்டோஸ், புதுப் பார்ட்டிஷனை டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 1 எம்பி தள்ளித் தானாகவே தொடங்கும்.

சிக்கல் குளோனிங்கில், அதாவது பழைய டிஸ்க்கை முழுதாக நகலெடுப்பதில்தான். எக்ஸ்பி காலத்தில் பிரித்த ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தால், 63ஆம் செக்டரில் (செக்டர் என்பது 512 பைட் துண்டு) தொடங்கும் பார்ட்டிஷனும் கூடவே வரும். 63 × 512 = 32,256; இது எஸ்எஸ்டி தரவைக் கையாளும் 4 கேபி பக்கத்தின் அளவான 4,096ஆல் மீதியின்றி வகுபடாது. அதனால் 4 கேபி தரவு ஒவ்வொன்றும் இரண்டு பக்கங்களில் கால் வைக்கும். வாசிப்பைவிட எழுதும் வேகமே அதிகம் அடிபடும், எஸ்எஸ்டியும் வீணாகத் தேயும். கேட்டால்தான் இதைப் பார்க்கிறார்கள். இந்தக் கூலிக்கு அது போதாது.

காசு கொடுக்க முன் விண்டோஸிலேயே உள்ள எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) திறந்து, டிஸ்க்ஸ் பகுதியில் முதல் பார்ட்டிஷனின் 'பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட்', அதாவது அது தொடங்கும் பைட் இடம், பாருங்கள். 1,048,576 என்றால் சரி. 32,256 என்றால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். ஜிபார்ட்டட் எனும் இலவச மென்பொருள் கொண்டு பார்ட்டிஷனை நகர்த்தலாம்தான். ஆனால் நடுவில் கரண்ட் போனால் தரவு போச்சு, முடிந்த பிறகும் விண்டோஸ் எழும்பாமல் நிற்கலாம். பேக்கப்பும் இன்ஸ்டாலர் பென்டிரைவும் இல்லாமல் அதில் கைவைக்க விடாதீர்கள்.