அளவுக்கு மரம் அறுத்துத் தரும் கடை: ஒயின் தாங்கி செய்தவரின் மதிப்பீடு

பாரிஸின் புறநகர் ஒன்றில், வீட்டு வேலைக்கான சாமான்களை விற்கும் பெரிய கடையில், வாங்கிய பலகையை நாம் எழுதிக் கொடுக்கும் அளவுக்கு இயந்திரத்தில் அறுத்துத் தருகிறார்கள். புது வீட்டுக்குக் குடிபோன பிரெஞ்சு நண்பருக்கு எட்டுப் போத்தல் கொள்ளும் மரத் தாங்கி ஒன்றைக் கையால் செய்து கொடுப்பதற்காக அந்தப் பிரிவை நாடினேன். பிரெஞ்சுக்காரருக்கு ஒயின் தேர்ந்தெடுக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. அதை வைக்க இடம் செய்து தருவதில் அந்த ஆபத்து கிடையாது.

அறுப்பின் நேர்த்தியில் குறை சொல்ல இடமில்லை. 18 மி.மீ. தடிமனுள்ள பைன் பலகையிலிருந்து கிடைத்த சட்டங்களைச் சேர்த்து நிறுத்தி நுனிகளைத் தடவிப் பார்த்தபோது விரலில் மேடு எதுவும் தட்டவில்லை. நிறைந்த 750 மி.லி. போத்தல் ஏறக்குறைய 1.2 கிலோ இருக்கும் என்பதால், எட்டும் ஏறிய பிறகு பத்துக் கிலோ சுமக்கும் தாங்கி ஆடாமல் நிற்க இந்தச் சமநீளம் அவசியம்.

குறை, சேவையின் எல்லையில் இருக்கிறது. நேர்கோட்டில் மட்டுமே அறுப்பார்கள். வளைவோ துளையோ கேட்கக் கூடாது. போத்தல் படுக்கும் அரைவட்டங்களுக்கு, அகலப் பலகையின் நடுக்கோட்டில் வட்டத் துளைகளிட்டு, பிறகு அதை நெடுக்காக இரண்டாகப் பிளப்பதே வழக்கமான முறை. ஆனால் கடையை விட்டு வெளியே போன மரத்தை அவர்கள் மீண்டும் இயந்திரத்தில் ஏற்றுவதில்லை. ஆகவே 145 மி.மீ. அகலப் பலகைகளை முதலிலேயே பிளந்து வாங்கி, வீட்டில் இரு பாதிகளையும் இடுக்கியால் இறுக்கிச் சேர்த்து, சேரும் கோட்டின் மேலேயே துளையிட்டேன். பிரித்தால் இரண்டிலும் ஒரே மாதிரி அரைவட்டங்கள் கிடைத்தன. போர்தோ வகை ஒயின் போத்தலின் விட்டம் 75 மி.மீ. அளவில் இருந்தாலும், ஷாம்பெய்ன் போத்தல் 88 மி.மீ. வரை பருத்திருக்கும் என்பதால், அடிப்பாகத்துக்கு 90 மி.மீ., கழுத்துக்கு 38 மி.மீ. என வைத்தேன்.

ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் 3 மி.மீ. தின்றுவிடும், அதைக் கழித்தே அளவு எழுத வேண்டும், ஊழியர் நினைவூட்டுவதில்லை. பலகையையும் நாமே பொறுக்க வேண்டும். அடுக்கின் மேலே கிடந்தவற்றில் பாதி, கணுவும் வளைவுமாக இருந்தன. அரைவட்டத்தின் விளிம்பில் கணு விழுந்தால் மரம் அங்கேயே பெயரும். கீழேயிருந்து உருவி, ஒரு முனையில் கண் வைத்து நெடுக்காகப் பார்த்து எடுப்பதை யாரும் தடுக்கவில்லை.

வெட்டுக்கூலி, பலகை விலையோடு ஒப்பிட்டால் அற்பமே. நீண்ட ரம்பமேசை இல்லாத அடுக்குமாடிவாசிக்கு இது நல்ல சேவை. சனிக்கிழமை வரிசையைத் தவிர்த்து வாரநாள் காலையில் போனால், ஊழியர் அளவுத்தாளை நிதானமாகப் படித்துச் சந்தேகம் கேட்டு அறுக்கிறார்.